ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத்தலைவர் அவர்களே, என் பேச்சில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, துணைவேந்தரின் சார்பில் வந்திருக்கும் பதிவாளர் அவர்களே, இடமின்றி நிற்கும் மாணவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, புத்தகமாகத் தந்திருக்கலாம் என்பது என் பழைய புலம்பல்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இன்லைன் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: பிராசஸர் அடிக்கடி தேடுவதைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கேஷ், ஓடும் ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகமான ஸ்டாக், நாம் எழுதுவதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கான நிரல் துண்டை, அழைத்துத் திரும்பும் செலவை மிச்சப்படுத்த, அதன் உடலையே அழைத்த இடத்தில் பதித்துவிடுவது இன்லைன். சின்ன ஃபங்ஷனுக்கு நல்லதுதான். லினக்ஸ் கெர்னலின் நடை வழிகாட்டியோ மூன்று வரிக்கு மேல் போனால் வேண்டாம் என்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஓர் இளைஞர் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் எழுதினார். வேகம் என்றால் அவருக்கு உயிர். பிழை நேர்ந்தால் விவரம் பதியும் ஃபங்ஷனைக்கூட இன்லைன் ஆக்காமல் விடவில்லை. கம்பைலர் மறுத்துவிடக் கூடாதென்று 'ஆல்வேஸ் இன்லைன்' என்று ஆணையே போட்டிருந்தார். "எதற்கு தம்பி?" என்றேன். "வேகமாக வரும் சார்." "எது வரும்?" சற்று யோசித்து, "பிழை" என்றார்.

சிரிக்கிறீர்கள். கணக்கைக் கேளுங்கள். அந்த ஃபங்ஷன் ஏறத்தாழ 200 பைட். அழைத்த இடங்கள் 25. ஆக 5,000 பைட். எக்ஸ்86-64 வகைப் பிராசஸரில் சாதாரண நேரடி அழைப்புக்கு 5 பைட் போதும். 25 அழைப்புக்கும் 125 பைட், ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு 200. பல பிராசஸர்களில் முதல் நிலை இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் ஒரு கோருக்கு வெறும் 32 கேபி. நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டும் கடக்கும் பாதையின் நடுவே, என்றோ ஒருநாள் ஓடப்போகும் நிரல் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஆணையை நீக்கி 'பெர்ஃப்' என்ற அளவீட்டுக் கருவி வைத்துப் பார்த்தோம். தேடியது கேஷில் இல்லாமல் போகும் கேஷ் தவறல்கள் குறைந்தன. முதலிலேயே அளந்திருந்தால்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

ஸ்டாக்குக்கு வருகிறேன். பதிக்கப் பதிக்க, அழைத்த ஃபங்ஷனின் ஸ்டாக் தேவை வளரலாம், ஆனால் எக்ஸ்86-64 லினக்ஸில் வழக்கமாக ஒரு திரெடுக்கு, அதாவது ஒரு தனி ஓட்டத்துக்கு, கெர்னல் ஸ்டாக் 16 கேபிதான்... தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஒரே இடத்தில் அழைக்கப்படும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனை, அதாவது தன் ஃபைலுக்குள் மட்டும் தெரியும் ஃபங்ஷனை, கம்பைலர் பெரும்பாலும் தானே பதித்துவிடும் என்பதோடு மூன்றாவதையும் முடித்துக்கொள்கிறேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வேகம் கூடும் என்று சொல்லிவரும் எந்தப் பேட்சும், அதாவது நிரல் திருத்தமும், முன்னும் பின்னும் அளந்த எண்கள் இல்லாமல் ஏற்கப்படக் கூடாது. ஆய்வகத் தேர்விலும் அளவீட்டுக்குத் தனி மதிப்பெண் வேண்டும். பதிவாளர் தலையசைத்ததை அவையோர் பார்த்தீர்கள், நீங்களே சாட்சி. மனுப் படிவம் வாசலில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.