வீட்டின் உறுதி யார் பெயரில்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

பழைய மாளிகைகளில் ஆவி உலவும் கோதிக், திரில்லர், மாய உலகு படைக்கும் மிகுபுனைவு ஆகிய அண்மைக்கால நாவல்கள் வாசகரை நடப்பிலிருந்து தப்பியோடச் செய்கின்றனவா, நடப்பின் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றனவா என்பது இன்றைய வழக்கு. நிறுத்துகின்றன என்று வாதிடும் அணியின் இரண்டாவது பேச்சாளராக வந்திருக்கிறேன். எனக்கு முன்னர் பேசிய எதிரணி நண்பர், மின்கட்டணத்தையும் கோதுமை மா விலையையும் மறப்பதற்காகவே நாம் பேய்க்கதை வாசிக்கிறோம் என்றார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேய் எதற்காக வருகிறது என்று அவர் ஒரு தடவையேனும் கேட்கவில்லை.

கோதிக் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை'. நமது தீவின் பழம்பெயர்களுள் ஒன்றாகிய செரண்டிப்பை வைத்து 'செரண்டிப்பிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை 1754இல் ஒரு கடிதத்தில் ஆக்கியவரும் இவரே. ஆகவே இவரைச் சாட்சிக்கு அழைக்கக் கொழும்பில் வாழும் நமக்குக் கொஞ்சம் உரித்து உண்டு. அந்நாவலில் திருமண நாளன்று இராட்சதத் தலைக்கவசமொன்று விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிக் கொல்கிறது. காரணம் கடைசியில்தான் வெளிப்படுகிறது. கோட்டையை ஆள்பவனின் பாட்டன், உண்மையான உரிமையாளனுக்கு நஞ்சூட்டிவிட்டுப் பொய் மரணசாசனத்தைக் காட்டி அதைக் கைப்பற்றியவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கள்ள உறுதிப்பத்திரம் முடித்த காணி. அந்தக் கோட்டைக்குள் ஆவி நுழைந்தது காணி வழக்குக்காக.

நமக்கு இது புதிதும் அன்று. கணவனால் கொல்லப்பட்ட பழையனூர் நீலி பேயாக வந்து நின்றதும் ஒரு சபையின் முன்னர்தான். அவள் அழுத அழுகையை மட்டும் 'நீலிக் கண்ணீர்' என்று பழமொழியாக்கிப் பொய்க்கு உவமையாக வைத்துக்கொண்ட நாம், அவளுக்கு இழைக்கப்பட்ட கொலையை வசதியாக மறந்துவிட்டோம்.

இனி அண்மைக்கால நாவல்களுக்கு வருகிறேன். சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் கோதிக்' 2020இல் வெளிவந்தது. 1950ஆம் ஆண்டளவில், மெக்சிகோவின் மலைப்பகுதியொன்றில், ஆங்கிலேயக் குடும்பமொன்றின் பழைய மாளிகை. அக்குடும்பத்தின் செல்வமெல்லாம் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கத்தில் உழைத்தவர்கள் நோயில் மடிந்து புதைக்கப்பட்டவர்கள். சுவருக்குள் படர்ந்திருக்கும் பூஞ்சணம் இறந்தோரின் நினைவுகளை வைத்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு மெக்சிகோ தெரியவில்லை. நம் மலைநாட்டு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய துரை பங்களாவும், அதற்குக் கீழே சரிவில் ஒட்டிக்கிடந்த தொழிலாளர் லயன்களுமே தெரிந்தன. என் பாட்டி அங்கே கொழுந்து பறித்தவர். பொழுது சாய்ந்த பின்னர் பங்களாவுக்குக் கீழுள்ள ஆற்றோரத்தில் ஒருத்தி கூடையோடு நிற்பாள், அந்தப் பக்கம் போகாதே என்று எங்களை மிரட்டுவார். பேய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு கேட்டபோது, அவள் பிள்ளைப்பேற்று வேதனையோடு கிடந்த இரவில் லொறி தர மறுக்கப்பட்டதையும், விடியுமுன் தாயும் பிள்ளையும் இறந்ததையும் பாட்டி சொன்னார். தோட்டத்துச் செக்ரோல் என்னும் வேலைப்பதிவேட்டில் அவளுடைய பெயர் அந்த மாதத்தோடு நின்றிருக்கும். எந்தச் சரித்திர நூலிலும் அவள் இல்லை. என் பாட்டியின் பேய்க்கதை ஒன்றில்தான் அவள் இன்னும் கூடையோடு நிற்கிறாள். எதிரணி நண்பர் இதைத் தப்பியோடல் என்பாராயின், யார் எதிலிருந்து தப்பியோடினார்கள் என்பதையும் அவரே சொல்லட்டும்.

மலைநாடு தூரம் என்போர் கொழும்பின் பேரை வாவிக்கு வரலாம். ஷெஹான் கருணாதிலகவுக்கு 2022ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றுத் தந்த 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' நாவலில், கொல்லப்பட்ட போர்ப் புகைப்படக் கலைஞன் மறுவுலகில் கண் விழிக்கிறான். அவனுடைய உடல் அந்த வாவியில் கிடக்கிறது. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்களைத் தன் அன்புக்குரியவர்களின் கண்ணில் படச்செய்ய ஏழு நிலவுகளே அவகாசம். 1980களின் இறுதியில் இந்நாட்டில் உடல்கள் எப்படிக் காணாமற்போயின என்பதை, வாய் திறந்தால் ஆபத்தென்றிருந்த உயிருள்ள சாட்சிகளுக்குப் பதிலாக, இனி இழக்க ஏதுமில்லாத ஓர் ஆவி சொல்கிறது. மறுவுலகிலும் அவனை வரவேற்பது வரிசையும் அலுவலகமும்தான். இதை வெறுங்கற்பனை என்பவர் ஒருநாளும் அரசாங்கக் கச்சேரி அலுவலகப் பக்கம் போயிருக்க மாட்டார்.

மிகுபுனைவில் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' நாவலை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 2023இல் வெளிவந்து நெபியூலா விருது பெற்ற அந்நாவலின் நகரத்தில், மூடியே கிடக்கும் கதவுகள் ஒருநாள் திறக்கவே முடியாத மாயக் கதவுகளாகிவிடுகின்றன. நகரம் கற்பனைதான். ஆனால் அங்கே நடக்கும் இனக்கலவரத்தையும் தடுப்பு முகாம்களையும், 1983 யூலை இனவன்முறையைக் கண்ட இந்த வெள்ளவத்தையில் அமர்ந்து வாசிப்பவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

திரில்லரைப் பொறுத்தவரை எதிரணிக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். கதை சொல்பவளே பொய் சொல்கிறாள் என்று கடைசி முப்பது பக்கங்களில் கவிழ்த்துப்போடும் உத்தி, முதற்றடவை திகைக்க வைத்தது, மூன்றாவது தடவை சலித்துவிட்டது. ஆனாலும் அமண்டா ஜயதிஸ்ஸவின் 'மை ஸ்வீட் கேர்ள்' அந்த உத்தியோடு நின்றுவிடவில்லை. இலங்கை அநாதை இல்லமொன்றிலிருந்து அமெரிக்கச் செல்வந்தத் தம்பதியர் ஒரு சிறுமியைத் தத்தெடுக்கையில், எந்தச் சிறுமி, ஏன் அவள் என்ற தெரிவின் கொடுமையைக் கொலை முடிச்சுக்கும் அடியில் வைத்திருக்கிறது. மோசமாக எழுதப்பட்ட திரில்லர்களைக் காட்டி அந்த வகையையே தள்ளிவிடுவதானால், மோசமான யதார்த்த நாவல்களுக்காக யதார்த்தவாதத்தையும் தள்ளவேண்டியிருக்கும்.

இறுதியாக, எதிரணித் தலைவர் தமது பெருஞ்சாட்சியாக அழைத்த சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' நாவல். முடிவற்ற மண்டபங்களும் சிலைகளும், படிக்கட்டுகளில் ஏறிவரும் கடலலையும் நிறைந்த அந்த வீட்டில் தனியே மகிழ்ந்திருக்கும் மனிதனைக் காட்டி, வாசகன் விரும்புவது இத்தகைய புகலிடத்தையே என்றார். வாசிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். முடிவைச் சொல்லாமல் இதற்கு விடையளிக்க முடியாது. அந்த மனிதன் வஞ்சகமாக அங்கே அடைக்கப்பட்டவன். தன் பெயரையும் பழைய வாழ்வையும் மறந்துபோனவன். தன் கையெழுத்திலேயே இருந்த பழைய குறிப்பேடுகளை வாசித்துத்தான் தான் யார் என்பதைக் கண்டுபிடிக்கிறான். தலைவர் புகலிடம் என்று காட்டிய வீடு, கதையின்படி ஒரு சிறை. இந்தச் சாட்சியை அவர் இன்னமும் தம் பக்கத்தில் வைத்திருக்க விரும்புகிறாரா என்பதைத் தமது மறுப்புரையில் தெரிவிக்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி.