வாரம் ஆறு நாள் ஆபீஸ், ஒரு நாள் ஆராதனை: என் வேலையில் தேவ நோக்கம் இருக்கிறதா?

எல்லோருக்கும் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள். இன்றைக்கு ஒரு சகோதரி அனுப்பியிருக்கிற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் அதை வாசித்துவிடுகிறேன்.

"பாஸ்டர், நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுவதும் பில்லும் வவுச்சருமாகவே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கர்த்தருக்காக வாழ்கிற மாதிரி இருக்கிறது. முழுநேர ஊழியத்துக்கு வர ஆசை, ஆனால் குடும்பப் பொறுப்பு என்மேல்தான் இருக்கிறது. ஆபீசில் சுவிசேஷம் சொல்லத் தைரியமும் வரவில்லை. இதற்கு நடுவில் மேலதிகாரி சில பில்களில் தேதியை மாற்றிப் போடச் சொல்கிறார். இந்த வேலையில் தேவனுக்கு உண்மையிலேயே ஏதாவது நோக்கம் இருக்கிறதா?"

மனம் நொந்து எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், சகோதரி. நீங்கள் அந்த மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலையே தேவன் உங்களிடம் ஒப்படைத்த ஊழியம்தான். காணிக்கை கொடுக்க அதிலிருந்து சம்பளம் வருகிறது, சுவிசேஷம் சொல்ல அங்கே ஆட்கள் கிடைக்கிறார்கள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அவை இரண்டும் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கு உண்மையாக எழுதப்படுவதில் அவருக்கு அக்கறை இருக்கிறது.

வேதத்தில் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆதியாகமம் 2:15ஐப் பாருங்கள். மனுஷனை ஏதேன் தோட்டத்தில் வைக்கும்போதே, அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்று இருக்கிறது. பாவம் வருவது 3ஆம் அதிகாரத்தில்தான். வேலையே ஒரு சாபம் என்று நம்மில் பலர் எப்படியோ நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாபத்தினால் வந்தது முள்ளும் குருக்கும், நெற்றி வேர்வையும். வேலையோ அதற்கு முன்பே தேவன் கையிலிருந்து வந்தது.

அப்புறம் யாத்திராகமம் 31. அங்கே கர்த்தர் மோசேயிடம் பெசலெயேல் என்ற ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். ஞானமும் புத்தியும் அறிவும் உண்டாக அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். எதற்காக நிரப்பினார்? பிரசங்கம் பண்ணவா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கற்களை வெட்டிப் பதிக்க, மரத்தில் சித்திரவேலை செய்ய. கையில் கருவி பிடித்து வேலை செய்கிற ஒரு தொழிலாளியைப் பற்றிக் கர்த்தர் இப்படிச் சொல்கிறார். ஆவியானவரின் நிரப்புதல் என்றால் கூட்டத்தில் ஜெபிக்கும்போது நடப்பது மட்டும்தான் என்று நாம் குறுக்கிவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆண்டவராகிய இயேசுவையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை ஊரார் அவரை அறிந்திருந்தது தச்சனாகத்தான், மாற்கு 6:3இல் அதை வாசிக்கிறோம். ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறும்போது, "உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று பிதாவின் சத்தம் கேட்கிறதே, அப்போது அவர் ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. ஒரு சீஷனையும் அழைத்திருக்கவில்லை. பிதா பிரியப்பட்ட அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி நாசரேத்தில், மரவேலையோடும் குடும்பத்தோடும் கழிந்தது.

சபை சரித்திரத்திலும் இந்தப் போராட்டம் இருந்திருக்கிறது. குருமார்கள், துறவிகள் மட்டும்தான் ஆவிக்குரிய வகுப்பு, மற்றவர்கள் எல்லாம் உலகத்தார் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. 1520இல் மார்ட்டின் லூதர் அதை நேரடியாக எதிர்த்து எழுதினார். செருப்புத் தைப்பவர், கொல்லர், விவசாயி என்று யாராக இருந்தாலும், விசுவாசிகள் எல்லோரும் ஒரேவிதமாக ஆசாரியர்கள்தான், அவரவர் தொழிலால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அவர் வாதம். 500 வருஷம் கடந்தும், "நான் வெறும் விசுவாசிதான், ஊழியக்காரன் இல்லை" என்று நம் ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லூக்கா 3. யோவான்ஸ்நானனிடம் மனந்திரும்பி வந்தவர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், கேட்கிறார்கள், போர்ச்சேவகர் கேட்கிறார்கள். இரண்டுமே அன்றைக்கு ஜனங்கள் வெறுத்த தொழில்கள். அந்த வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா, என்னோடு வெட்டுக்கிளி சாப்பிடு என்று யோவான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆயக்காரரிடம், கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார். சேவகரிடம், யாரையும் ஒடுக்காதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளமே போதுமென்று இரு என்றார். கவனியுங்கள், அந்தந்த வேலையில் எந்த இடத்தில் பாவம் நுழையுமோ, சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறார். வரி வாங்குகிறவனுக்குப் பணம். ஆயுதம் வைத்திருக்கிறவனுக்கு மிரட்டல்.

கணக்கு எழுதுகிறவருக்கு அந்த இடம் எது? உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: தேதி. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. இன்றைக்கு நிறைய வியாபாரத்துக்குத் தராசு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற அந்தக் கணக்குப் புத்தகம்தான். நடக்காத தேதியில் ஒரு பில்லைப் பதிந்தால், அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுக்கிறவர், பங்கில் பணம் போடுகிறவர், வரி வாங்குகிற அரசாங்கம் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அதே நேரத்தில், ஒரு சின்ன சப்ளையருக்கு வரவேண்டிய பணத்தை நீங்கள் தள்ளிப்போடாமல் சரியான நாளில் பாஸ் பண்ணினால், அவர் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடிகிறது. அவர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். பிறனை நேசி என்ற கட்டளை அந்த வவுச்சரில்தான் நிறைவேறுகிறது.

மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது? தானியேல் 1ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போங்கள். தானியேல் சண்டை போடவில்லை. ராஜா கொடுத்த உணவால் தீட்டுப்படக் கூடாது என்று முதலில் இருதயத்தில் தீர்மானித்தான், பிறகு பிரதானியிடம் வேண்டிக்கொண்டான். விசாரிப்புக்காரனிடம், பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று மாற்று வழியும் சொன்னான். நீங்களும் தனியாகப் போய் மரியாதையாகப் பேசுங்கள். "சார், இந்தத் தேதியை என்னால் மாற்றிப் போட முடியாது. உண்மையான தேதியிலேயே பதிந்து, தாமதத்துக்குக் காரணத்தைக் குறிப்பாக எழுதிவிடுகிறேன். ஆடிட்டர் கேட்டால் நானே விளக்கம் சொல்கிறேன்" என்று சொல்லலாம். மற்றவர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போத்திபாரின் வீட்டில் உண்மையாக இருந்த யோசேப்புக்கு உடனே கிடைத்தது சிறைச்சாலை. உங்களுக்கு வேலையே போகலாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சபைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த மாதிரிக் காரணத்துக்காக ஒரு விசுவாசி வேலையை இழந்தால், அடுத்த மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள். "சாட்சியாக நில்லுங்கள்" என்று மேடையில் சொல்லிவிட்டு, நின்றவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் 3இல் பவுல் எழுதுகிறார். இதை முதலில் கேட்டவர்கள் அடிமைகள். வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்கள். எஜமான் பார்க்கும்போது மட்டும் செய்கிற வேலை வேண்டாம், நீங்கள் சேவிப்பது கிறிஸ்துவையே என்று அவர்களுக்குச் சொல்கிறார். ஆனால் இந்த வசனத்தைக் காட்டி, ராத்திரி பத்து மணி வரை வேலை வாங்குகிற கிறிஸ்தவ முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் வாசிக்கட்டும். எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று அங்கே இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளையிலும் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். ஆகவே சகோதரி, நேரத்துக்கு வீட்டுக்குப் போவதைக் குற்றமாக நினைக்காதீர்கள்.

முழுநேர ஊழியம் பற்றிக் கேட்டீர்கள். கர்த்தர் அழைத்தால் தாராளமாக வாருங்கள். ஆனால் இந்த வேலை அவருக்குப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்து ஓடி வராதீர்கள். கொரிந்துவில் பவுல், ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணினார். அப்போது அவர் அப்போஸ்தலர் பட்டத்தைக் கழற்றி வைக்கவில்லை.

கடைசியாக, சுவிசேஷம் சொல்லத் தைரியமில்லை என்றீர்கள். உங்களிலிருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு, முதல் நிருபம் 3:15. எனவே கேட்கிறவருக்காக ஜெபித்துக் காத்திருங்கள். தேதி விஷயம் தெரிந்தால் பக்கத்து மேஜைக்காரர் கேட்கத்தான் செய்வார்: "எல்லோரும் போடுகிறார்கள், நீங்கள் ஏன் போடவில்லை?" நீண்ட பிரசங்கம் வேண்டாம். "நான் இயேசுவை விசுவாசிக்கிறேன், அவருக்கு முன்னால் பொய் எழுத எனக்கு முடியவில்லை" என்று சொல்லுங்கள். மேலும் கேட்டால், வேலை நேரம் முடிந்தபிறகு உட்கார்ந்து பேசுங்கள். மேலதிகாரியிடம் பேசியபின் என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள், அதுவரை உங்களுக்காகவும் அவருக்காகவும் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருப்போம்.