ஏழாவது குரோஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தையல்காரி. கோவில்பட்டியில் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, இதுதான் பிழைப்பு. கூடவே கதையும் எழுதுகிறேன். இதுவரை பதினேழு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. அதனால்தான் இன்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைக்கு வரும் பெண்களில் யாராவது ஒருத்தர் அடிக்கடி கேட்பார்கள். "கதை எழுதுறதுல ஒங்களுக்கு என்னக்கா கெடைக்கு?" அவர்கள் கேலிக்குக் கேட்பதில்லை. ஜாக்கெட் தைத்தால் இவ்வளவு என்று கூலி இருக்கிறது. கதைக்குச் சில பத்திரிகைகள் சில நூறு ரூபாய் அனுப்பும், சில பத்திரிகைகள் ஒரு பிரதி மட்டும் அனுப்பும். ஒரு கதைக்கு எனக்கு இரண்டு மாதம் ஆகிறது. அந்த நேரத்தில் எத்தனை ஜாக்கெட் தைக்கலாம் என்று அவர்கள் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும். இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. இன்று கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறார்கள், சொல்லிப் பார்க்கிறேன்.

தையல் கடையில் அளவு நோட்டு என்று ஒன்று இருக்கும். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று ஒவ்வொருவர் அளவும் அதில் இருக்கும். நான் அந்த நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து கதை எழுதத் தொடங்கினேன். தையல் மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு, கரண்ட் போகும் மத்தியான நேரங்கள் எழுதக் கிடைத்தன. முன்னாலிருந்து வரும் அளவுகளும் பின்னாலிருந்து வரும் கதையும் நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும்போது புது நோட்டு வாங்குவேன்.

முதலில் எழுதியது அம்மாவைப் பற்றி.

நான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினேன். கணக்கில் 91. பதினொன்றாம் வகுப்பு படிக்க எங்கள் கிராமத்திலிருந்து பஸ்ஸில் டவுனுக்குப் போக வேண்டும். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று என்னைத் தையல் பழகக் கொண்டுபோய் விட்டாள். அந்தக் கோபம் எனக்குள் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. அவள் சாகும்வரை நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் இறந்த மூன்றாம் மாதம் எழுத உட்கார்ந்தேன். "நான் அழுதேன்." "நான் கெஞ்சினேன்." "அம்மா கேட்கவில்லை." மூன்று பக்கம் இப்படியே போனது. திரும்பப் படித்தால் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு மாதிரி இருந்தது. என் அழுகை அத்தனையும் அதில் இருந்தது, அம்மாவை மட்டும் காணோம். வழியை மறித்துக்கொண்டு யாரோ ஒரு பொம்பளை நின்றாள்.

ஜாக்கெட் உடம்புக்கு உட்காரவில்லை என்றால் பிரித்துத்தான் தைக்க வேண்டும். பிரிக்காமல் மேலேயே பிடித்துத் தைத்தால் அக்குளில் சுருக்கம் விழும். எழுதியதை அப்படியே பிரித்தேன். இந்தத் தடவை அம்மாவை வைத்துத் தொடங்கினேன். ராத்திரி, திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் அதுதான் வேலை. அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ், கூலி குரோஸ் கணக்கில். பசை காய்ந்து கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இன்னொரு தோல் மாதிரி படிந்திருக்கும். படுக்கப் போகும்முன் அதை உரித்து உரித்துத் திண்ணை ஓரத்தில் போடுவாள். சின்னப் பிள்ளையில் அந்தத் தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அவள் ரேகை அதில் தெரியும்.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் 'அவள்' என்று எழுதியவுடன் ஞாபகம் மட்டும் போதவில்லை. கதையில் அவள் சுருக்குப் பையைத் திறந்து காசை எண்ணுகிறாள். பையில் எவ்வளவு இருந்தது? குரோஸுக்கு அப்போது என்ன கூலி? அரிசி என்ன விலை? இது தெரியாமல் அடுத்த வரி எழுத முடியவில்லை. அந்த வீட்டில் பதினைந்து வருஷம் சாப்பிட்டவள் நான், ஒருநாளும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை.

அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். கூலி சொன்னார், அரிசி விலை சொன்னார், டவுனுக்குப் பஸ் கட்டணம் சொன்னார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். "நீ பத்தாவது எழுதுன வருஷம் ஒங்கம்மா ஏழாவது குரோஸ் எடுத்துப் பாத்தா தாயி. சித்திரை, வைகாசி ரெண்டு மாசம். வழக்கமா ஒரு நாளைக்கு ஆறுதான். கண்ணு எரியுது மதினின்னு பாதியில வச்சிருவா. அப்புறம் விட்டுட்டா."

எனக்காகவா என்று கேட்டேன். "அதெல்லாம் அவ எங்க சொன்னா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். போக வர பஸ்ஸுக்கு மட்டும் தினமும் ஒரு குரோஸ் கூலி. ஏழாவது குரோஸ்.

அம்மா செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. நான் படித்திருக்க வேண்டும், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு வழி பார்த்திருக்கலாம், யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் என் கோபம் இருபது வருஷமாக என்னை ஒரு கேள்வி கேட்க விட்டதில்லை. கதையின் அடுத்த வரிக்காகப் பெரியம்மா வீட்டுப் படியேறினேன். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் காட்டக்கூடியது அந்தப் படியைத்தான்.

விஷயம் தெரியாமல் கதை எழுத முடியாது என்பதைப் பெரிய எழுத்தாளர்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். ராஜம் கிருஷ்ணன் 1925-ல் முசிறியில் பிறந்தவர், பதினைந்து வயதில் கல்யாணம், கல்லூரிக்குப் போனதில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத நினைத்தபோது அங்கேயே போய் அந்தப் பெண்களோடு பேசிப் பழகிவிட்டுத்தான் எழுதினார். 1979-ல் வந்த 'கரிப்பு மணிகள்' அப்படி வந்ததுதான். கதை எழுத வேண்டும் என்ற ஒரு காரணம் இல்லாவிட்டால், வெயிலில் உப்பு வாரும் பெண்ணிடம் போய் உன் காலில் ஏன் இந்தப் புண் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

என் மகள் மனோதத்துவம் படித்தவள். அம்மா கதையைப் படித்துவிட்டு அவள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியர், கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார். சிலருக்குச் சாதாரண விஷயங்கள். மற்றவர்களுக்கு, தங்கள் வாழ்க்கையில் மனதை மிகவும் பாதித்த சம்பவம். அந்த ஆய்வு 1986-ல் வெளியானது. நடந்ததையும் அதனால் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். எழுதிய அன்று மட்டும் அவர்களுக்குத் துக்கம் கூடியிருந்தது. அது நிஜம். நான் அம்மா கதையை முடித்துவிட்டு நாலு ராத்திரி தூங்கவில்லை.

இதே போன்ற ஆய்வுகள் பிறகு நிறைய நடந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பலன் கிடைத்துவிடவில்லை என்பதையும் மகள் சொன்னாள். எழுதினால் நோய் தீரும் என்று நினைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு தகவல். எழுதியவர்கள் என்னென்ன சொற்களைப் பயன்படுத்தினார்கள் என்று பின்னால் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 'ஏனென்றால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் யார் எழுத்தில் கூடினவோ, அவர்களுக்குப் பலன் அதிகம். 2003-ல் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தினமும் ஒரே 'நான்', 'எனக்கு' என்று எழுதாமல், ஒருநாள் 'நான்', மறுநாள் 'அவர்', 'அவர்கள்' என்று மாறி மாறி எழுதியவர்களுக்குத்தான் உடம்பு தேறியதாம். மகள் இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. மனு எழுதிக்கொண்டிருந்தவள் கதைக்காரி ஆனது 'அவள்' என்ற அந்த ஒரு சொல்லில்தானே.

எங்கள் கரிசல் காட்டைப் பற்றிப் பேசும்போது கி. ராஜநாராயணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் அவர் ஊர். விவசாயி. முப்பது வயதுக்குப் பிறகுதான் கதை எழுத வந்தார், 1991-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். 'கதவு' என்று அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைத் தலையாரி கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். சர்க்கார் கணக்கில் அது ஒரு வரி, 'கதவு ஒன்று ஜப்தி'. ஆனால் கதை எங்கே தொடங்குகிறது? அந்தக் கதவில் ஏறி நின்று பிள்ளைகள் பஸ் விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுக்கிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள். கதவு போன பிறகு வீட்டுக்குள் பனியும் காற்றும் வருகிறது. கைக்குழந்தை செத்துப்போகிறது. கடைசியில் எங்கேயோ கறையான் ஏறிக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

நூலகத்தில் அதை முதலில் படித்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. கதை என்னை அழவைத்தது வேறு விஷயம். எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு புத்தகத்தில் வரலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை எழுதுவது என்றால் பரீட்சைத் தமிழ் என்று நினைத்திருந்தேன். அவர் கதையோடு நிற்கவில்லை, எங்கள் பக்கத்துச் சொற்களைச் சேகரித்து 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே கொண்டுவந்தார். எங்கள் அம்மாக்கள் பேசியது கொச்சை இல்லை, பாஷை என்று ஒரு விவசாயி எழுத்தில் வைத்துக் காட்டினார்.

இன்னொருவரும் எனக்கு நெருக்கம். யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. அவர் தொழில் முடி திருத்துவது. சலூனில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதி இலங்கையின் சாகித்திய விருது வாங்கினார். 1966-ல் 'மல்லிகை' என்று ஒரு பத்திரிகை தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். பிரதிகளைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக நடந்து தானே விற்றார். அவர் கையில் இருந்ததும் கத்தரிக்கோல்தான், என் கையில் இருப்பதும் அதுதான். தொழிலுக்காகத் தன்னைத் தாழ்த்திய சமூகத்துக்கு முன்னால், அந்தத் தொழிலை மறைக்காமலே எழுத்தாளராக நின்ற மனிதர். எழுதியதில் அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பவர்கள் அந்த நிற்பை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எழுதுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அளவு எடுக்கும்போது பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர் சொன்ன வீட்டு விஷயத்தைப் பெயர், ஊர் எல்லாம் மாற்றி எழுதிவிட்டேன். அவர் படித்துவிட்டார். கடைக்கு வந்தார், சத்தம் போடவில்லை, தைக்கக் கொடுத்திருந்த துணியை மட்டும் திருப்பிக் கேட்டார். நூலை மாற்றினாலும் துணி தெரிந்துவிடுகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இதுவரை திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து ஒருவர் சொன்னது எழுதத் தோன்றினால், முதலில் அவரிடம் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

போட்டிகளுக்குக் கதை கேட்பவர்கள் "நல்ல கருத்து இருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். புதிதாக எழுத வரும் பிள்ளைகள் அதை நம்பிக் கருத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையைத் தேடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, சுருக்குப் பையில் எவ்வளவு காசு இருந்தது என்று முதலில் கண்டுபிடி.

என் கடை அலமாரியில் இப்போது ஒரு ஜாக்கெட் இருக்கிறது. தைத்து, காஜா எடுத்து, கொக்கி வைத்து, ஏழு மாதம் ஆகிறது. கொடுத்த அம்மா வாங்க வரவில்லை. கொடுத்த நம்பரும் எடுப்பதில்லை. அளவுக்காகக் கொடுத்த பழைய ஜாக்கெட்டும் கூடவே இருக்கிறது. அதன் இடது தோளில் கையாலேயே தைத்திருக்கிறார்கள், பச்சைத் துணியில் கறுப்பு நூல். தையல் நுணுக்கமாக, வரிசையாக இருக்கிறது. இவ்வளவு நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் என்னிடம் ஏன் கொடுத்தார், பச்சை நூல் ஏன் கிடைக்கவில்லை? போன வாரம் அளவு நோட்டைத் திருப்பி, "அவர் வீட்டில் கறுப்பு நூல் மட்டும்தான் இருந்தது" என்று எழுதினேன். அதற்கு மேல் இன்னும் போகவில்லை. அவர் சொன்ன தெருப் பெயர் நினைவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒருதடவை போய்விட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

வணக்கம்.