‘குப்பையை’யில் எத்தனை ஐ?

(தண்டையார்பேட்டையில், காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். காசிமேட்டிலிருந்து நாலைந்து அண்ணன்மார் வந்திருக்கிறீர்கள். லாஞ்ச் இன்ஜின் போடுகிற சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, கையைக் காட்டித்தான் வேலை வாங்குவீர்கள். “சைகை எங்களுக்குத் தெரியாததா டீச்சர்?” என்று கேட்கத் தோன்றும். நீங்கள் செய்வது சைகை. உங்கள் வீட்டுப் பிள்ளை பேசுவது சைகை மொழி.

‘கல்’லில் ஒரு எழுத்தை மாற்றினால் ‘பல்’. கையிலும் அப்படித்தான். விரல் மடங்கும் விதம், கை நிற்கும் இடம், அசையும் போக்கு, இதில் ஒன்று மாறினாலும் வேறு சொல்லாகிவிடும். அமெரிக்கச் சைகை மொழியை வைத்து வில்லியம் ஸ்டோக்கி இதை 1960-இல் எழுதிக் காட்டினார். பிற்பாடு மூளையையும் பார்த்தார்கள். பக்கவாதத்தில் நமக்குப் பேச்சு குழறுவது பெரும்பாலும் இடப்பக்க மூளை அடிபட்டால். சைகை மொழிக்காரர்களுக்குச் சைகை குழறுவதும் அந்தப் பக்கம் அடிபட்டால்தான். கையைத் தூக்கத் தெம்பிருக்கும், சொல் வராது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என்று இரண்டு உண்டு என்பார்கள் நம் இலக்கணக்காரர்கள். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டும். அதில் ஒரு லாபமும் இருக்கிறது: நம்ம பேட்டைப் பையன் காதில் கேட்டபடி ‘வாயப்பயம்’ என்று எழுதிவைப்பான். என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அப்படி எழுதியதில்லை!

அப்படியானால் ஒரு சொல்லைப் பார்த்ததும் அவர்களுக்குள் எழுவது என்ன? 2011-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டி, பொருளில் ஒட்டுதல் உண்டா இல்லையா என்று கேட்டார்கள். சினிமா, காகிதம் என்று ஒரு ஜோடி. ஒட்டுதல் இல்லை. ஆனால் அவர்கள் சைகை மொழியில் இந்த இரண்டுக்கும் கை ஏறக்குறைய ஒன்று. இப்படிப்பட்ட ஜோடிகளில் ‘இல்லை’ சொல்ல, காது கேளாதவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. எதிரே இருந்தது வெறும் எழுத்து. படித்தவுடன் உள்ளே கை எழும்பிவிட்டது.

ஆகவே கையை அடக்கி எழுத்தைக் கொடுக்காதீர்கள். சொல்லுக்குக் கை துணைவரும். தமிழில் இடறுவது வேறிடம், சொல்லின் வால். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. பலகையில் “நாய் அண்ணனைக் கடித்தது” என்று எழுதினேன். புரிந்தது. “அண்ணனை நாய் கடித்தது” என்று மாற்றினேன். எழுந்து வந்து, அண்ணன் நாயைப் பிடித்துக் கடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. அவள் மேல் தப்பில்லை. அவள் மொழியில் ‘கொடு’ என்றால் கை கொடுப்பவரிடமிருந்து வாங்குபவர் பக்கம் போகும். யார் யாருக்கு என்பதைத் திசையே சொல்லிவிடும். அந்த வேலையைத் தமிழில் ஒரு பொடி ‘ஐ’ செய்கிறது, அதுவும் ‘னை’க்குள் ஒளிந்துகொண்டு.

அன்றைக்கு ‘னை’யை வட்டமிட்டு, நாயிடமிருந்து அதற்கு ஒரு அம்புக்குறி போட்டேன். நாயை இடது பக்கம், அண்ணனை வலது பக்கம் காற்றில் நிறுத்தி, கடியை இடமிருந்து வலம் கொண்டுபோனேன். அவள் கண் ‘னை’க்கும் என் கைக்கும் மாறி மாறிப் போய்வந்தது.

மறுவாரம் கல்மண்டபம் பக்கம் அவள் அம்மாவோடு நடந்து வந்துகொண்டிருந்தோம். சுவரில் “இங்கு குப்பையைக் கொட்டாதீர்” என்று எழுதியிருந்தது. கீழே குப்பை மலையாகக் கிடந்தது. என் புடவையைப் பிடித்து இழுத்தாள். ‘யை’யில் விரல் வைத்து, காற்றில் அம்பு போட்டுக் குப்பை மேல் இறக்கினாள். சரி என்றேன். விரலை இடப்பக்கம் நகர்த்தி ‘பை’யில் வைத்து, புருவத்தை உயர்த்தினாள்: இதுவும் ஐ தானே, இதற்கு அம்பு எங்கே?