கோடையில் என்ன படிக்கலாம், எங்கே உட்கார்ந்து படிக்கலாம்

(உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

தலைமை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூறு வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மாவட்ட மைய நூலகத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் அலுவலர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வர்த்தக சங்கப் பெரியோர்களே, நூலகர் தம்பி, பிள்ளைகளே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பேரூராட்சித் தலைவருக்கு ஒரு நன்றியை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஐப்பசி மழையில் இந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஒழுகியபோது, ராத்திரி ஒன்பது மணிக்குத் தார்ப்பாய் அனுப்பி வைத்தவர் அவர். அன்றைக்கு அந்தத் தார்ப்பாய் வராமல் இருந்திருந்தால் சிறுவர் அலமாரி முழுக்க நனைந்திருக்கும். இதை அவர் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த வர்த்தக சங்கத்தாருக்கும் நன்றி. மைக் செட்டுக்காரத் தம்பி வாடகை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு கோடையும் வாசிப்பும். மூன்று விஷயம் பேசலாம் என்று எழுதி வந்தேன். ஒன்று, என்ன படிப்பது. இரண்டு, எங்கே உட்கார்ந்து படிப்பது. மூன்று, எப்படிப் படிப்பது. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த 32 வருஷத்தில் என்னிடம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்தப் பாடத்தையும் ஒரு பழமொழியோடுதான் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய பழமொழி, நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

முதல் விஷயம். என்ன படிப்பது?

போன வாரம் நூலகர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா வந்தார். "இது எதுக்கும்மா? பரீட்சையிலயா கேக்கப் போறான்?" என்று அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு பொது அறிவு கைடை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது கண் அந்த அலமாரியில்தான் இருந்தது. அந்த அப்பா நல்லவர், பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர். அவரிடமும் உங்கள் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பத்து மாதம் நாம் சொன்னதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த ஒன்றரை மாதம் பாம்பைப் படிக்கட்டும், கிரிக்கெட்டைப் படிக்கட்டும், பேயைப் படிக்கட்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான். அட்டையைப் பார்த்து எடுத்தால் தப்பில்லை. ஆனால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றபடியே இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். மூன்றாவது பக்கத்தைக் கை தானாகத் திருப்பினால் அது உங்கள் புத்தகம். திருப்பவில்லை என்றால் வைத்துவிடுங்கள். அந்தப் புத்தகத்துக்கு வேறு ஆள் வருவார். நம் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அவரும் கணக்கு வாத்தியார்தான். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர்.

பெரியவர்களுக்கு ஒரு யோசனை. வெயிலில் தண்ணீரைப் படியுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் நமக்கு ஆறு. இப்போது பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் கோரையும்தான் தெரிகிறது. இந்த நேரத்தில் சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யைக் கையில் எடுங்கள். குடகிலிருந்து கடல் வரைக்கும் ஆற்றோடு கூடவே போகிற பயணம் அது. இங்கே வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது அதைப் படித்தால், தண்ணீர் வரும் நாளில் அந்த முதல் நுரையைப் பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும். நிழலின் அருமை வெயிலில் தெரியும். ஆற்றின் அருமை சித்திரையில் தெரியும்.

இரண்டாவது விஷயம், எங்கே உட்கார்ந்து படிப்பது? இதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1967, மே மாதம். எனக்கு வயது 11. பரீட்சை முடிந்ததும் எங்களை நீடாமங்கலம் பக்கம் அம்மாச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த வீட்டு ரேழியை அடுத்து ஒரு பெரிய பத்தாயம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பத்தாயம் தெரியாது. நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மேல் பலகையைத் தூக்கி உள்ளே நெல்லைக் கொட்டுவார்கள், கீழே சின்னத் திறப்பு வழியாக எடுப்பார்கள். அந்த வருஷம் சித்தி கல்யாணத்துக்காக நெல்லை முன்னாலேயே விற்றுவிட்டார்கள். பத்தாயத்தில் பாதி காலி.

எதிர்வீட்டு அத்தையிடம் 'பொன்னியின் செல்வன்' பைண்டு வால்யூமாக இருந்தது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கதை ஒரு பக்கம் முடியும், அடுத்த பக்கத்தில் பாதி தலைவலித் தைலம் விளம்பரம் இருக்கும். அத்தை முதல் பாகத்தைக் கொடுத்து, "கை கழுவிட்டுத் தொடு" என்றார்.

வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் வேலை சொல்வார்கள். "தண்ணி கொண்டா", "மாட்டை மாத்திக் கட்டு." நான் ஒரு மதியம் சாப்பிட்டவுடன் பத்தாயத்தின் மேலே ஏறி, பலகையை நகர்த்தி உள்ளே இறங்கிவிட்டேன். அந்தக் குளிர்ச்சியை இப்போதும் என் முதுகு மறக்கவில்லை. வெளியே அனல், உள்ளே பழைய நெல் வாசனை, காலுக்குக் கீழே கொஞ்சம் உமி. நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே வெளிச்சம் ஒரு சதுரமாகப் புத்தகத்தின்மேல் விழுந்தது. வெளிச்சம் நகர நகர நானும் நகர்ந்தேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போகிறான். ஏரி ததும்புகிறது. எனக்கு மே மாதத்தில், மரப்பெட்டிக்குள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஐயா, சத்தியமாகக் கேட்டது!

அப்புறம் தூங்கிவிட்டேன்.

வெளியே நடந்ததைப் பின்னால் சொல்லித்தான் தெரியும். மூன்று மணிக்கு மோர் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை. மாந்தோப்பில் இல்லை, கோயில் மண்டபத்தில் இல்லை. நான்கு மணிக்கு யாரோ கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் என் துண்டைப் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். அம்மா விழுந்து அழ, பக்கத்து வீட்டு மாமா இடுப்பில் வடக்கயிறு கட்டிக் கிணற்றில் இறங்க, தெருவே கொல்லையில் கூடிவிட்டது. கோடைக்குக் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான். மாமா காலாலேயே துழாவிவிட்டு, "இங்க இல்லக்கா, ஒரு செம்புதான் கிடைச்சுது" என்று கத்தினாராம். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்த அம்மாச்சியின் பித்தளைச் செம்பு.

அழுகைச் சத்தத்தில் விழித்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, பலகையைத் தள்ளித் தலையை நீட்டினேன். முகமெல்லாம் உமி. ரேழியில் நின்ற சித்தி வீல் என்று அலறினாள். அம்மா ஓடி வந்தார், அழுத முகம் அப்படியே கோபமாகி விளக்குமாற்றைத் தேடினார். குறுக்கே வந்தது அம்மாச்சி. என் கையிலிருந்த வால்யூமை வாங்கி, அதில் ஒட்டியிருந்த உமியை முந்தானையால் துடைத்தது. அம்மாச்சிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "ஊரே கூப்புட்டும் காதுல விழலேன்னா, அப்படி என்னடா இருக்கு இதுல? நாளைக்கு எனக்குப் படிச்சுச் சொல்லு" என்றது.

மறுநாளிலிருந்து மதியம் முழுக்கத் திண்ணையில் நான் சத்தமாகப் படிப்பேன். அம்மாச்சி புளி ஆய்ந்துகொண்டே கேட்கும். நாலாவது நாள், கிணற்றில் இறங்கிய மாமாவும் வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஒன்பது பேர். நான் வர நேரமானால் தெருமுனையிலிருந்தே மாமா கேட்பார், "தம்பி, இன்னிக்குக் குதிரை எது வரைக்கும் போவும்?"

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், எனக்கு அன்றைக்கு ஒரு பத்தாயம் இருந்தது, ஒரு திண்ணை இருந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

கொல்லைத் தெருவுக்கும் ஆற்றங்கரைக் குடியிருப்புக்கும் மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கூரை. உள்ளே அரை மணி உட்கார முடியாது. ஆண் பிள்ளைகள் குளத்து மண்டபத்துக்கோ ஆலமரத்தடிக்கோ போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தலைமையாசிரியை அம்மா தலையாட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரியும். எழுந்துபோய் ஒரு மரத்தடியில் தனியாகப் புத்தகத்தோடு உட்கார நம் ஊர் ஒரு பெண் பிள்ளையை இன்னும் விடவில்லை. மே 4-ல் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. அந்த வெயிலில் அவள் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் இருப்பாள்.

ஊரில் அவளுக்கென்று ஒரு நிழல் இருக்கிறது. கெட்டியான சுவர், மின்விசிறி, 18 அலமாரிப் புத்தகம், பக்கத்திலேயே வேம்பு. இதே நூலகம்தான். ஆனால் மதியம் பன்னிரண்டரைக்குப் பூட்டினால் நான்கு மணிக்குத்தான் திறக்கிறோம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்கிறோம். வெயில் ஏறும்போது நிழலைப் பூட்டி வைக்கிறோம்.

நூலகர் தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆள். அவரும் சாப்பிட வேண்டும், குடும்பத்தைப் பார்க்க வேண்டும். சட்டப்படி உள்ள நேரத்துக்கு மேலேயே உழைக்கிறார். என் வழக்கு நேரத்தைப் பற்றியது. ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட அந்த ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போது நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் எடுத்துப் பேசுகிறார். பூட்டிய அறைக்குள் இருக்கும் புத்தகம் பயன்படும் புத்தகம் ஆகாது.

அதே 1931 அக்டோபரில், இங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில், மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். யோசனை ரங்கநாதனுடையது. களத்தில் வேலை செய்கிறவர்களிடம் புத்தகம் வண்டி கட்டிக்கொண்டு போனது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, இருக்கிற கதவைத் திறக்க நமக்கு ஏன் தயக்கம்?

இது யாரிடமும் கையேந்துகிற விஷயமும் இல்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். இப்போது அது சொத்து வரியில் பத்து சதவீதம். தகரக் கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார். வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் எப்படிப் படிப்பது என்பது. அதற்கு இன்றைக்கு நேரம் போதாது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மாச்சிக்குப் படித்துச் சொன்னேனே, அப்படிச் சத்தமாகப் படியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

மே 4 முதல் ஜூன் முதல் வாரம் வரை, மதியம் பன்னிரண்டரை முதல் நான்கு வரை, இந்த நூலகத்தின் வாசிப்பு அறையை மட்டுமாவது திறந்து வைக்க அனுமதி வேண்டும். புத்தகம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், அது நூலகர் வந்த பிறகு நடக்கட்டும். உட்கார்ந்து படிக்க இடம் போதும். காவலுக்கு நாங்கள் இருக்கிறோம். ஓய்வு பெற்றவர்கள் 11 பேர், அதில் நான்கு பேர் பெண்கள், நாளுக்கு இரண்டு பேர் வீதம் முறை போட்டுக்கொண்டோம். தினமும் ஒரு பெண்மணி கட்டாயம் இருப்பார். பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. மனுவை அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கொடுக்கிறேன். பேரூராட்சித் தலைவரிடம் இரண்டு மண்பானையும் தினம் ஒரு குடம் குடிநீரும் கேட்கிறேன்.

எல்லாக் கட்சி நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த வாரம் கடைத்தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவீர்கள். அதில் ஒரு மூலையில் ஒரு பெஞ்சும் 20 புத்தகமும் வையுங்கள். மோர் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்பவர் நாலு பக்கம் புரட்டட்டும். புத்தகத்தை வாசகர் வட்டம் கொடுக்கும். வசதி உள்ளவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம். ரசீதுப் புத்தகம் தம்பியின் மேசையில் இருக்கிறது.

வாசலில் ஒரு மேசை போட்டு, மனுவின் நகலோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளும் போடலாம். அந்தப் பாம்புப் புத்தகம் கேட்ட பாப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளே முதலில் போடட்டும். அந்தப் புத்தகத்தை நூலகர் அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

நன்றி. வணக்கம்.