மளிகைக் கடை மெஷினில் நான் பார்த்த இரண்டு எண்கள்

வணக்கம் மக்களே. லாஸ் வேகஸ் பக்கத்தில் ஹெண்டர்சனில் இருந்து பேசுகிறேன். பால் வாங்கப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். இந்த ஊரில் சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளேயே சூதாட்ட மெஷின்கள் இருக்கும். நெவாடாவில் இப்படிப்பட்ட கடைகளில் 15 மெஷின் வரை வைக்க அனுமதி உண்டு. இன்றைக்கு ஒரு அம்மா மடியில் ரொட்டிப் பையோடு வீடியோ போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டம் எளிது. 5 சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை மாற்றலாம். ஒரு ஜோடி ஜாக்கி இருந்தாலே போட்ட காசு கைக்கு வந்துவிடும். நெவாடா விதிப்படி, நிஜமான சீட்டுக்கட்டைப் போலவே 52 சீட்டுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அதனால்தான் இதில் கணக்குப் போட முடிகிறது. ஸ்லாட் மெஷினில் முடியாது, எந்தச் சின்னம் எத்தனை தடவைக்கு ஒருமுறை வரும் என்பது வெளியே தெரியாது.

இந்தக் காகிதத்தைப் பாருங்கள், கேமரா பக்கத்தில் கொண்டு வருகிறேன். திரையின் மேல்பகுதியில் இருக்கும் பரிசுப் பட்டியல் இது. ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இன்னொரு எண்ணில் இரண்டு) ஒரு காசுக்கு 9, ஃப்ளஷுக்கு (ஐந்து சீட்டும் ஒரே இனம்) 6 என்று இருந்தால் அது நல்ல மெஷின். தவறே செய்யாமல் ஆடினால், போடும் பணத்தில் 99.54 சதவீதம் காலப்போக்கில் திரும்பி வரும். அதுவே 8, 5 என்று இருந்தால் 97.3. அந்த அம்மா ஆடிய மெஷினில் 6, 5. வெறும் 95 சதவீதம்தான்.

நாலரை சதவீதம்தானே என்று தோன்றும். கால் டாலர் மெஷினில் 5 காசு போட்டால் ஒரு ஆட்டத்துக்கு 1.25 டாலர். கை பழகியவர்கள் மணிக்கு 600 ஆட்டம் சாதாரணமாக ஆடுவார்கள். அதாவது 750 டாலர் உள்ளே போய் வருகிறது. நல்ல மெஷினில் சராசரி இழப்பு மூன்றரை டாலர். இதில் முப்பத்தேழரை டாலர்! சீட்டும் அதேதான், பொத்தானும் அதேதான். மாறியது இரண்டு எண்கள்.

அப்புறம், அந்த அம்மா ஒவ்வொரு காசாகத்தான் போட்டார். சிக்கனம் என்று நினைத்திருப்பார். ஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கூடவே டைமண்ட் ஜாக்கி வருகிறது என்று வையுங்கள். ஜாக்கி ஜோடி கையில் இருக்கிறது, காசு உறுதி. ஆனாலும் டைமண்ட் ஜாக்கியைத் தூக்கிப் போடுவதுதான் சரியான ஆட்டம். மீதி 47 சீட்டில் ஸ்பேட் பத்து ஒன்றே ஒன்று. அது வந்தால் ராயல் ஃப்ளஷ், இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசு. 5 காசு போட்டவருக்கு 4000 காசு கிடைக்கும், அதாவது ஒரு காசுக்கு 800. ஒரு காசு போட்டவருக்கு 250தான், 800 இல்லை! சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவது, அன்றைக்குப் பார்த்து இப்படி ஆனால் எப்படி இருக்கும்?

வீடியோ போக்கரைப் பெரிய தொழிலாக்கியவர் சை ரெட். ஸ்லாட் மெஷின் தயாரித்த பாலி நிறுவனம் வீடியோ விளையாட்டுகளில் ஆர்வம் காட்டாததால், அவற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தனிக் கம்பெனி நடத்தினார். 1979இல் டிரா போக்கர் மெஷின் வந்தது. அந்தக் கம்பெனிதான் பின்னால் ஐஜிடி என்ற பெரிய சூதாட்ட மெஷின் நிறுவனம் ஆனது. மேஜையில் நாலு பேர் முன்னால் சீட்டாடக் கூச்சப்பட்டவர்கள் இதில் தனியாக உட்கார்ந்தார்கள். அந்தத் தனிமைதான் ஆபத்தும். எதிரே யாரும் இல்லை, நிறுத்துங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. சவுத் கரோலினாவில் பெட்டிக்கடை வரை பரவி, 30,000 மெஷின்களுக்கு மேல் ஓடி, கடைசியில் 2000 ஜூலை 1 முதல் மொத்தமாகத் தடை செய்தார்கள்.

நான் ஆடச் சொல்லவில்லை. 99.54 என்றாலும் நஷ்டம் நஷ்டம்தான், அந்தக் கணக்கும் ராயல் ஃப்ளஷ் வந்தால்தான் நிறைவேறும். ஆனால் கேசினோவில் தன் விலையை நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கும் மெஷின் இது. தக்காளி வாங்கும்போது கிலோ என்ன விலை என்று கேட்கிறோமே, அந்த இரண்டு வரியைப் படிக்க அஞ்சு வினாடி கூட ஆகாது.

அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நாளைக்கும் பால் வாங்கப் போவேன். அவர் இருந்தால் இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.