அரட்டைக்கு ஒரு திண்ணை

வணக்கம் நேயர்களே. நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளின் அமைப்பு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் திண்ணை. உள்ளே போனால் வளவு, அதாவது நடு முற்றம். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. திண்ணையில் யாரும் உட்காரலாம், எதையும் பேசலாம். வளவில் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே போய் மழை பெய்யுமா பெய்யாதா என்று ஆரம்பிக்க மாட்டோம். கைப்பேசிக்குள் நாம் கட்டியிருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தத் திண்ணையை வைக்க மறந்துவிட்டோம். இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான்.

பழைய நாணயம் சேகரிப்பவர்கள் குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தின் படத்தைப் போட்டு, "இது எந்த ஊரில் அடித்தது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி, பதிலும் எளிது. ஆண்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பதில் தெரிந்தவர்கள் குழுவில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்கள் திறந்து பார்ப்பதற்குள் மேலே பன்னிரண்டு காலை வணக்கம், இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மாங்காய் ஊறுகாய்ப் படம். கேள்வி அடியில் போய்விட்டது. கேட்டவர் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பேசாமல் விலகிவிடுகிறார்.

காலை வணக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்ம சொந்தங்களின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே ஐந்து என்றால் அங்கே ஏழரை. அவர்கள் வணக்கம் சொல்லத்தான் செய்வார்கள்.

சில நிர்வாகிகள் என்ன செய்கிறார்கள்? "நாணயம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது" என்று எழுதிப்போட்டு, மீறினால் நீக்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் குழு வெறிச்சோடிவிடும். யார் யாரென்று தெரியாத இடத்தில் தன்னிடம் இருக்கும் நல்ல பொருளை எவரும் வெளியே எடுத்துக் காட்ட மாட்டார்கள். ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் பழக்கம் அரட்டையில்தான் வருகிறது. எனவே அரட்டை வேண்டும். ஆனால் திண்ணையில் வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறிய அரட்டை என்ன சேதம் செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம். யாரோ ஓர் ஆச்சி, பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று வரும் என்று எழுதுகிறார். விளக்குக்கு அது சரிதான். அதை நாணயக் குழுவின் நடு வளவில் எழுதியதுதான் வினை. புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு, பாட்டி பெட்டியில் கிடந்த செப்புக் காசுகளைப் புளியில் ஊறப்போட்டுத் தேய்த்துவிடுவார். புளியின் அமிலம் செம்பின் மேல் பல வருஷமாகப் படிந்த கருமையைக் கரைத்துவிடும். காசு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும், மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பிறகு அது திட்டுத் திட்டாகக் கறுக்கும். போனது திரும்ப வராது. செப்புக் காசில் மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைப்பதும் வேண்டாம். நாளானால் பச்சையாகப் பிசுபிசுக்கும். ஆச்சி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதைத் திண்ணையில் சொல்லியிருந்தால் எல்லோரும் விளக்கைத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, திண்ணை எப்படிக் கட்டுவது? வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒரு வசதி இருக்கிறது, பல குழுக்களை ஒரே கூரைக்கடியில் வைக்கலாம். அது வேண்டாமென்றால் இரண்டாவதாக ஒரு குழு தொடங்கி, பெயரே 'திண்ணை' என்று வைத்துவிடுங்கள். அதில் மறையும் செய்திகள் வசதியைப் போட்டு ஏழு நாள் என்று வையுங்கள். இருபத்துநான்கு மணி நேரம், ஏழு நாள், தொண்ணூறு நாள் என மூன்று கெடு இருக்கும். அரட்டைக்கு ஏழு நாள் தாராளம். முதன்மைக் குழுவான வளவில் மட்டும் அதை ஒருபோதும் போடாதீர்கள். அங்கே இன்று எழுதிய பதிலை அடுத்த வருஷம் ஒருவர் தேடுவார். உறுப்பினர்கள் திண்ணையை 'எப்போதும்' என்று ஒலி அடக்கி வைக்கலாம். அமைப்புகளில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கைப்பேசி நிறைந்துபோகும்.

வளவில் யாராவது அரட்டை தொடங்கினால் திட்ட வேண்டாம். அந்தச் செய்தியைத் திண்ணைக்கு அனுப்பி, அங்கேயே பதிலும் எழுதிவிட்டு, வளவில் "அண்ணே, திண்ணைக்கு வாங்க" என்று மட்டும் போடுங்கள். பேச்சு தொடர்வதைப் பார்த்தால் அவரே போய்விடுவார். பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. பொதுவான அழைப்பு அலைவரிசையில் ஆளைப் பிடித்ததும், 'க்யூ எஸ் ஒய்' என்று சொல்லி வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். அங்கே மணிக்கணக்கில் பேசலாம்.

திண்ணைப் பேச்சு என்றால் வெட்டிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். நாணயத்தை மில்லிமீட்டரில் அளக்கிறவர்கள் வெள்ளைப் பணியாரத்தைப் பற்றிப் பேசினாலும் அளந்துதான் பேசுவார்கள். "பணியாரம் எண்ணெய் குடிக்கிறது, ஏன்?" என்று ஒருவர் கேட்கட்டும். உடனே எதிர்க்கேள்வி வரும்: உளுந்து எவ்வளவு? உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்ட வேண்டும், எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு. அதற்கு மேல் போனால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, கரண்டியில் எடுத்து ஊற்றும் பதத்துக்குப் பால் விட்டுக் கரைக்க வேண்டும். புளிக்கவிடக் கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி மாவுதான். ஓரம் பூப்போல விரிந்ததும் திருப்பிவிட்டு, சிவக்கும் முன் எடுக்க வேண்டும். மாவு கெட்டியாக இருந்தால் போண்டாவாகிவிடும், திப்பியாக இருந்தால் எண்ணெயில் வெடிக்கும். வரமிளகாய்த் துவையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் பத்து நிமிஷம் வேண்டும், விடுங்கள்.

கவனித்தீர்களா, கேள்வி, எதிர்க்கேள்வி, அளவு, காரணம்: நாணயம் பார்க்கும் அதே முறைதான். திண்ணையில் பணியாரத்துக்கு ஒழுங்காகக் கேட்கப் பழகினவர் வளவில் வந்து காசின் எடையையும் விட்டத்தையும் சேர்த்தே எழுதுவார்.

குரல் பதிவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. தட்டச்ச முடியாத பெரியவர்கள் பேசியே அனுப்பட்டும். முதல் வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் முடித்தால் எல்லோரும் கேட்பார்கள்.

கடைசியாக, ஓடிக்கொண்டே சொல்கிறேன். திண்ணை என்றால் திருடனும் வந்து உட்காருவான். நிர்வாகி ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஊரில் இல்லாதபோது இன்னொருவர் பார்க்க. தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொடாதீர்கள். "உங்கள் பழைய நோட்டுக்கு லட்ச ரூபாய், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பவனுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் மறுநாள் வரை காத்திராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். வணக்கம்.